உடன் வந்தவர்

மருத்துவமனைக்குப் போகிற பேருந்தில் அவள் முன்னால் இரண்டாவது இருக்கையிலும் மாப்பிள்ளை கடைசி வரிசையிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே நிறுத்தத்தில் ஏறியவர்கள், ஒரே நிறுத்தத்தில் இறங்கப் போகிறவர்கள். வண்டியும் காலியாகத்தான் கிடந்தது. ஆனாலும் எட்டு வருஷமாக இரண்டு பேரும் பழக்கி வைத்திருந்த தூரம் அது. "வாங்க", "சாப்பிட்டீங்களா", "போய்ட்டு வாங்க" என்ற மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டே மாமியாரும் மருமகனும் அத்தனை வருஷத்தையும் குறையில்லாமல் ஓட்டியிருந்தார்கள். சண்டை இல்லை, மனத்தாங்கல் இல்லை. கூச்சம், அவ்வளவுதான். அவர் கூடத்துக்கு வந்தால் இவள் சமையலறைக்குப் போய்விடுவாள். இவள் கூடத்துக்கு வந்தால் அவருக்கு எங்கிருந்தாவது ஒரு வேலை ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. நான்கு பெரிய விடுதிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிற சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். இருபத்திரண்டு பெண்கள் அவளுக்குக் கீழே வேலை பார்த்தார்கள். முன்னால் மேடம், முதுகுக்குப் பின்னால் கஞ்சி மேடம். புடவை மடிப்பும் நடையும் பேச்சும் எல்லாமே கஞ்சி போட்டு நிமிர்த்தியது போல இருப்பதால் வந்த பெயர். அது அவளுக்குத் தெரியும். உள்ளூரப் பிடிக்கவும் செய்யும். மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது கணவர் போய்ச் சேர்ந்தார். மறுமாதமே துணி மடிக்கிற மேசையில் நின்றவள், இருபத்தைந்து வருஷத்தில் அந்தக் கூடத்தின் சாவிக்கொத்தைக் கையில் வாங்கியிருந்தாள். யாரிடமும் போய் நின்றதில்லை என்பதுதான் அவள் தன்னைப் பற்றி வைத்திருந்த ஒரே பெருமை.

மகள் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடுகிறவள். அந்த அலுவலகத்து லிஃப்டில் ஒருநாள் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டாள். சரிசெய்ய வந்த மெக்கானிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, இப்போது எந்தத் திருகைக் கழற்றுகிறேன், அடுத்து என்ன சத்தம் வரும், விளக்கு எப்போது அணையும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வேலை பார்த்தாராம். கதவு திறந்தபோது அவள் அழவில்லை, சிரித்துக்கொண்டு நின்றாள். ஆறு மாதம் கழித்து அவரைத்தான் கட்டுவேன் என்று வந்தாள். "காப்பாத்துனவனைத்தான் கட்டிக்கணும்னா தீயணைப்பு வண்டிக்காரங்க ஒவ்வொருத்தரும் எத்தனை கல்யாணம் பண்ணணும்" என்று அம்மாக்காரி கேட்டுப் பார்த்தாள். பலிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு யாராவது மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று விசாரித்தால், லிஃப்ட் கம்பெனியில் இருக்கிறார் என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். பொய் இல்லை. முழுசாகவும் இல்லை.

கட்டி தட்டுப்பட்டது ஒரு மாதத்துக்கு முன்னால், குளிக்கும்போது. இடதுபக்கம், கொண்டைக்கடலை அளவு. அழுத்தினாலும் வலிக்கவில்லை. வலிக்காத ஒன்றுக்கு எதற்கு வைத்தியம் என்று நான்கு நாள் பேசாமல் இருந்தாள். ஐந்தாம் நாள், கணுக்கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்த மகளுக்குத் தலை வாரிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள். மகள் பேச்சுவாக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தாள். தனியாகவே போய் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது, ஊசி போட்டுத் துளி சதை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

அதில்தான் மாட்டிக்கொண்டாள். ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெண், ஊசி பட்டால் அது உடம்பு பூராவும் பரவிவிடும், சும்மா கிடப்பதைக் கிளறி விடாதே என்று கண்ணால் கண்டது போலச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மருத்துவரிடம் கேட்கலாம்தான். ஆனால் இருபத்திரண்டு பேரை மேய்க்கிறவள், படிக்காத ஜனம் மாதிரி இதைப் போய்க் கேட்பதா என்று வாய் வரவில்லை. சலவைக்கூடத்தில் ஆள் குறைவு என்று ஒரு தேதியைத் தள்ளினாள். இரண்டாவது தேதியை மகளே தொலைபேசியில் பேசி முடிவுசெய்தாள். துணைக்கு ஒருவர் வரவேண்டும் என்று அவர்கள் சொன்னதும், "அவர் வருவார்" என்று சொல்லிவிட்டாள்.

"மாப்பிள்ளையா? இதுக்கா?"

"இதுக்குத்தாம்மா. வேற எதுக்கு மாப்பிள்ளை?"

போவதற்கு முந்தின நாள் மாலை, தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் மகளும் மருமகனும் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. அம்மா இந்த ஊசிக்குப் பயப்படுகிறாள், பரவிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், தூக்கத்தில் கூட உளறுகிறாள் என்றாள் மகள். அதெல்லாம் சும்மா, தனக்கு நன்றாகத் தெரியும், தன்னோடு வேலை பார்க்கிறவரின் அக்காவுக்கு இதே சோதனை செய்து ஏழு வருஷம் ஆகிறது, குத்துக்கல்லாட்டம் இருக்கிறார் என்று அவர் சொன்னார். அவளுக்கு முகம் சுட்டது. தூக்கத்தில் உளறினோமா என்று நெடுநேரம் யோசித்துக்கொண்டு கிடந்தாள்.

மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது எழுதிவிட்டாள். 'உடன் வந்தவர், உறவுமுறை' என்ற இடத்தில் பேனா நின்றது. மகன் என்று போட்டால் சுலபமாக இருந்திருக்கும். 'மருமகன்' என்று எழுதி, அடுத்தவர் கண்ணில் படாமல் தாளை மடித்துக் கொடுத்தாள். மூன்றாவது மாடிக்குப் போகும்போது லிஃப்ட் கதவு ஒரு வெட்டு வெட்டிச் சாத்திக்கொண்டது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ரோலர் தேஞ்சிருக்கு" என்று கதவிடம் சொன்னார். அவளிடம் சொன்னதாகவும் வைத்துக்கொள்ளலாம்.

காத்திருக்கும் கூடத்தில் ஒன்பது நாற்காலிகள். அவர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். எதிரே ஒரு பெண் மடியில் பையை வைத்துக்கொண்டு அதன் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். உள்ளே போன ஒருத்தி இருபது நிமிஷத்தில் நடந்தே வெளியே வந்து, கணவரிடம் ஏதோ சொல்லி லேசாகச் சிரித்தாள். அதைப் பார்த்துத் தைரியம் வரவேண்டும். அவளுக்கு வரவில்லை. அடுத்தது தான் என்று தெரிந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"வாங்க மாப்பிள்ளை, இன்னொரு நாள் பாத்துக்கலாம். அங்க அவ ஒத்தையில இருக்கா. காலை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாளோ."

அவர் தடுக்கவில்லை. உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. அவரும் எழுந்தார். அவர் கையில் சட்டைப்பையிலிருந்து எடுத்த சின்ன நோட்டுப் புத்தகம் இருந்தது. வேலைக்குப் போகிற இடத்தில் பழுது எழுதி வைக்கிற நோட்டு. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை.

"போலாம் அத்தை. நீங்க சொன்னா போயிடலாம். ஆனா எனக்கு நாலஞ்சு சந்தேகம் இருக்கு. டாக்டர்கிட்ட கேட்டுட்டு அப்புறம் போலாமே. தெரியாம வீட்டுக்குப் போனா உங்க பொண்ணு என்னைத்தான் உலுக்குவா."

அது நியாயமாகப் பட்டது. அவருக்குச் சந்தேகம் என்றால் கேட்டுக்கொள்ளட்டும், நமக்கென்ன என்று உள்ளே போனாள். மருத்துவர் குள்ளமான பெண்மணி. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். மாப்பிள்ளை சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினார். அத்தையின் பக்கம் கண் போகவே இல்லை. மார்பு என்ற வார்த்தையும் வாயில் வரவில்லை. 'அந்த இடம்' என்றுதான் சொன்னார். ஏதோ பத்தாவது மாடியில் நின்றுபோன லிஃப்டைப் பற்றிப் பேசுவது போல, அந்த இடத்தில் ஊசி எவ்வளவு தடிமன், எத்தனை தடவை, மரத்துப்போக மருந்து உண்டா, தையல் போடுவீர்களா என்று வரிசையாகக் கேட்டார்.

மருத்துவரும் சலித்துக்கொள்ளவில்லை. ஊசி சுமார் இரண்டு மில்லிமீட்டர். முதலில் மரத்துப்போக ஒரு மெல்லிய ஊசி. அது பத்து வினாடி எரியும், அந்த எரிச்சல்தான் இருப்பதிலேயே பெரிது. பிறகு தோலில் ஒரு கீறல், நெல்மணி அகலம்கூட இருக்காது, தையல் வேண்டாம். ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே நான்கைந்து துண்டு எடுப்போம், ஒவ்வொன்றும் நூல் துண்டு மாதிரி இருக்கும். எடுத்த இடத்தில் எள்ளளவு உலோகத்தை அடையாளத்துக்கு வைத்துவிடுவோம், அது உள்ளேயே இருக்கும், ஒன்றும் செய்யாது, விமான நிலையத்தில் கத்தவும் கத்தாது. மாப்பிள்ளை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"அம்மா, தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று மருத்துவர் அவளிடம் கேட்டார்.

இல்லை என்றாள். அது அவளுடைய வழக்கமான பதில். நோய்க்காரி என்று ஒருவர் குறித்துக்கொள்வது அவளுக்குப் பிடிக்காது.

"ரத்தம் உறையாம இருக்கறதுக்கு ஒண்ணு சாப்பிடுவாங்க," என்றார் மாப்பிள்ளை நாள்காட்டியிடம். "ரெண்டு வருஷமா. நான்தான் வாங்கிட்டு வருவேன்." பெயரையும் எத்தனை மில்லிகிராம் என்பதையும் நோட்டில் பார்த்துச் சொன்னார்.

அவளுக்குக் காது மடல் சூடேறியது. மருத்துவர் கோபப்படவில்லை. இதற்காகச் சோதனையைத் தள்ள வேண்டியதில்லை, ஆனால் முன்கூட்டித் தெரிந்தால்தான் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிப்போம், இதை மறைக்கவே கூடாதம்மா என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளை பக்கத்தைத் திருப்பினார். கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தது. பேனா முனையால் கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க டாக்டர். நான் அதிகம் படிச்சவன் இல்ல. ஊசி குத்துனா அது பரவிடும்னு வெளிய பேசிக்கிறாங்க. நானும் அப்படித்தான் நினைச்சுட்டிருந்தேன். நேத்து பூரா இதே நினைப்பு."

அவள் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். எட்டு வருஷத்தில் அப்படிப் பார்த்ததே இல்லை. முந்தின நாள் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவருக்கு இதில் ஒரு சந்தேகமும் கிடையாது. அவளுடைய பயத்தை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அவளுக்காக அங்கே முட்டாளாக உட்கார்ந்திருந்தார். காதோரம் சிவந்திருந்தது.

"இதைக் கேட்டதுக்கு ஏன் மன்னிப்பு கேக்குறீங்க? இதுதான் கேக்க வேண்டிய கேள்வி," என்றார் மருத்துவர். அப்படிப் பரவுவதற்கு ஆதாரம் இல்லை, பரவுமென்றால் நாங்களே இதைத் தொடமாட்டோம் என்றார். என்னவென்று தெரியாமல் கத்தி வைப்பதுதான் தப்பு. இங்கே இந்தச் சோதனைக்கு வருகிறவர்களில் நிறையப் பேருக்கு ஒன்றும் இருக்காது. இருந்தால், எது என்று தெரிந்தால்தான் எந்த வைத்தியம் என்று முடிவுசெய்ய முடியும். சொல்லிவிட்டு மருத்துவர் சதைத் துண்டு எடுக்கிற ஊசிக் கருவியை எடுத்து, காற்றில் ஒருதரம் அழுத்திக் காட்டினார். காகிதத்தில் ஸ்டேப்ளர் அடித்த மாதிரி ஒரு 'டக்'. "இந்தச் சத்தத்துக்குத்தான் எல்லாரும் தூக்கிவாரிப் போடுவாங்க. இப்ப கேட்டுட்டீங்க இல்ல?"

மாப்பிள்ளை நோட்டை மூடிவிட்டு, முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினார். "கேக்க வேண்டியதைக் கேட்டாச்சு அத்தை. போலாமா, இருக்கலாமா? நீங்க சொல்றதுதான்."

"இருக்கலாம்," என்றாள் அவள். பையை அவரிடம் கொடுத்தாள்.

உள் அறை குளிராக இருந்தது. முன்பக்கம் திறக்கிற ஓர் அங்கியைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். கணவர் போன பிறகு, போன தடவை ஸ்கேன் எடுத்தவர்களைத் தவிர அவள் உடம்பை இன்னொருவர் பார்த்ததில்லை. சற்று ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தார்கள். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தலைமாட்டு விரிப்பைப் பார்த்தாள். மடிப்பு நேராக இல்லை. ஓரத்தில் துருக்கறை. இதை இப்படியா அனுப்புவார்கள் என்று தன்னை மறந்து சொல்லிவிட்டாள். துருக்கறைக்குத் தனியாக ஊறவைக்க வேண்டும், சேர்த்துப் போட்டால் போகவே போகாது என்று செவிலியரிடம் விளக்கவும் ஆரம்பித்தாள். செவிலியர் சிரித்தார். நீங்களே இங்கே வேலைக்கு வந்துவிடுங்கள் என்றார். சொல்லிக்கொண்டே ஜில்லென்று ஒரு பசையைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்தார்.

மரத்துப்போகிற ஊசி எரிந்தது. ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணினாள். எட்டில் எரிச்சல் அடங்கத் தொடங்கிப் பத்தில் அந்தப் பக்கமே தன்னுடையது இல்லை என்பது போல் ஆயிற்று. பிறகு வலி இல்லை. யாரோ உள்ளிருந்து அழுத்துகிற மாதிரி ஒரு பாரம். "இப்ப சத்தம் வரும்," என்றார் மருத்துவர். வந்தது. தெரிந்த சத்தம் என்பதால் உடம்பு துள்ளவில்லை.

"வெளிய இருக்கறது யாரும்மா, பையனா?" என்று கேட்டார் செவிலியர், பேச்சுக் கொடுப்பதற்காக.

"மாப்பிள்ளை."

"அப்படியா? என்ன பண்றார்?"

மூன்றாவது சத்தம் வந்து போனது. "லிஃப்ட் மெக்கானிக்," என்றாள். சொன்னது தன் காதுக்கே கணீரென்று கேட்டது. அத்தோடு நிறுத்த மனம் வரவில்லை. "ரொம்பக் கெட்டிக்காரர். சும்மா சத்தத்தைக் கேட்டே எங்க பழுதுன்னு சொல்லிடுவார். உங்க லிஃப்ட்ல ரோலர் தேஞ்சிருக்காம், பாக்கச் சொல்லுங்க."

ஐந்து துண்டு எடுத்தார்கள். கண்ணாடிக் குப்பியில் வெள்ளை இழைகளாக மிதந்தவற்றை ஒருதரம் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இவ்வளவுதானா என்றிருந்தது. மாத்திரை விஷயம் தெரிந்திருந்ததால் செவிலியர் பதினைந்து நிமிஷம் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். இறுக்கமான உள்ளாடையை அன்று ராத்திரியும் கழற்ற வேண்டாம், துணியில் சுற்றி ஐஸ் வையுங்கள், இரண்டு நாளைக்குக் கனமான எதையும் தூக்காதீர்கள், நீலம் பாரித்தால் பயப்படாதீர்கள், வீங்கிக்கொண்டே போனாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே கூப்பிடுங்கள் என்றெல்லாம் சொன்னதை வெளியே மாப்பிள்ளையிடமும் சொன்னார்கள். அவர் எழுதிக்கொண்டார். முடிவு ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். தொலைபேசியில் சொல்வார்களா, நேரில் வரவேண்டுமா, யார் சொல்வார்கள் என்று கேட்டு அதையும் எழுதினார்.

அந்த ஒரு வாரம் வீடு வேடிக்கையாக இருந்தது. கூடத்தில் ஒரு பக்கம் மகள் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் அம்மா நெஞ்சில் ஐஸ் கட்டியோடு. நடுவில் அவர் சமைத்து, பெருக்கி, வாளி வாளியாகத் தண்ணீர் நிரப்பினார். ஐஸை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுவருவார். அதை அத்தையிடம் நேராக நீட்டமாட்டார். மனைவி கையில் கொடுத்துவிட்டு, அவசரமாகப் பால்கனிக்குப் போய்த் தெருவைப் பார்ப்பார். மகளுக்குச் சிரிப்பு தாங்காது. "என்னங்க, தெரு அங்கயே இருக்கா, இல்ல யாராவது தூக்கிட்டுப் போயிட்டாங்களா?" என்பாள். நீலம் ஊதாவாகி, ஊதா பச்சையாகி, ஓரமாக மஞ்சள் தட்டியது. மூன்றாம் நாள் காலை அவள் வாளியைத் தூக்கப் போனபோது அவர் நோட்டைத் திறந்து பார்த்து, "இன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்துதான் அத்தை" என்றார். சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு பேரை அதட்டுகிறவள் வாளியைக் கீழே வைத்தாள்.

பகலெல்லாம் இப்படிச் சிரிப்பில் போகும். ஆனால் தனியாக இருக்கும்போது, நிறையப் பேருக்கு ஒன்றும் இருக்காது என்ற வார்த்தையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பாள். அந்த நிறையப் பேரில் நான் ஏன் இருக்கக் கூடாது என்று தோன்றும். அடுத்த நிமிஷம், மிச்சப் பேரில் யாராவது இருந்துதானே ஆகவேண்டும் என்றும் தோன்றும்.

முடிவு சொல்லுகிற நாளில் பேருந்தில் இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்ததும், பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிறுத்தம் வரை நின்றார். பிறகு இருக்கையின் நுனியில், விழுந்துவிடுவது போல உட்கார்ந்தார்.

மருத்துவர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டார். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சுத்தி வளைக்காம சொல்லிடறேன்மா. புற்றுநோய்தான். சின்னது, சீக்கிரம் பாத்துட்டோம். குணப்படுத்த நல்ல வாய்ப்பு இருக்கு."

மாப்பிள்ளையிடமிருந்து கேள்வி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். நோட்டு திறந்திருந்தது. அதில் வீட்டிலிருந்தே எண் போட்டுக் கேள்விகள் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பேனா முதல் எண்ணின்மேல் நின்றிருந்தது. எழுத்தைப் பார்க்கிற கண் அதைப் படிக்கவில்லை.

அவள் அவர் கையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டாள். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. பையில் கண்ணாடியைத் தேடி எடுத்து, முந்தானையில் துடைத்து, மாட்டிக்கொண்டாள். புடவை மடிப்பைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்றாவது கேள்விதான் முதலில் கேட்க வேண்டியதாகத் தோன்றியது. அதில் அவர் 'அந்த இடம்' என்று எழுதியிருந்தார்.

"மார்பை முழுசா எடுக்கணுமா டாக்டர், இல்ல கட்டியை மட்டும் எடுத்தாப் போதுமா?"

மருமகன் முன்னால் சொன்னாள். சொன்ன பிறகு, இதற்காகவா இத்தனை நாள் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றிருந்தது. இந்த அளவுக்குக் கட்டியையும் சுற்றிக் கொஞ்சமும் எடுத்தால் போதும் என்றுதான் படுகிறது என்றார் மருத்துவர். அக்குளில் நெறிகட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எடுத்த துண்டிலேயே இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று அதில்தான் தெரியும், நான்கு நாள் ஆகும். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அறிக்கையின் நகல் தருவீர்களா, வேறு ஒரு மருத்துவரிடம் காட்டிக் கேட்டால் நீங்கள் வருத்தப்படுவீர்களா, எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது. நோட்டில் இல்லாததையும் கேட்டாள். நடுவில் ஒருதரம் மருத்துவர் சொன்ன வார்த்தை புரியாதபோது, புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள். அப்படி ஒரு வார்த்தையை அவள் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை. தன் குரல் நடுங்காமல் வருவதை வேறு யாருடைய குரலையோ கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெருமையாகத்தான் இருந்தது.

நோட்டை அவர் மடியில் திரும்ப வைத்தாள். "மாப்பிள்ளை, எழுதுங்க. எனக்கு ஞாபகம் இருக்காது." அவர் மணிக்கட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார்.

அறுவைசிகிச்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுக்கச் சலவைக்கூடத்துக்குப் போனாள். காலை ஆட்கள் கிளம்பி மதிய ஆட்கள் வருகிற நேரம். எல்லாரும் கூடத்தில் இருப்பது அப்போது மட்டும்தான். முதலாளியிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று பொதுவாகச் சொல்லிக் கிளம்பியிருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் வாசலில் நின்று அந்த இருபத்திரண்டு முகங்களையும் பார்த்தபோது மனசு மாறியது. உலர்த்திகளை நிறுத்தச் சொன்னாள். ஒவ்வொன்றாகச் சுழன்று ஓய்ந்தன. மேடம் யாரை வையப் போகிறார் என்று எல்லாரும் விறைத்து நின்றார்கள்.

அவள் மடிக்கிற மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். தனக்கு என்ன வந்திருக்கிறது, எங்கே வந்திருக்கிறது என்று பெயரைச் சொல்லியே சொன்னாள். ஊசி எத்தனை வினாடி எரியும் என்று சொன்னாள். பரவும் என்று நம்பி ஒரு தேதியைத் தள்ளியதையும், அதைக் கேட்க வெட்கப்பட்டதையும் ஒளிக்கவில்லை. சாப்பிடுகிற மாத்திரையை மறைத்தது தப்பு என்றாள். எல்லாக் கட்டியும் இது இல்லை, அதற்காகப் பார்க்காமல் இருக்காதீர்கள் என்றாள். துணைக்குப் புருஷனோ பிள்ளையோ இல்லாவிட்டால் மருமகனைக் கூட்டிக்கொண்டு போங்கள், என் மாப்பிள்ளை வந்தார் என்றபோது இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். கஞ்சி மேடம் அந்தக் கூடத்தில் சிரித்து அன்றுதான் பார்த்தார்கள். அதற்குப் பிறகு சிலர் அழுதார்கள். யார் யாரோ வந்து கையைப் பிடித்தார்கள். போதும், வேலையைப் பாருங்கள் என்று விரட்டிவிட்டாள்.

இயந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்கின. வெளியே போகத் திரும்பியவள், கடைசி மேசையில் ஒருத்தி ஒரு பெரிய படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை மட்டும் பிடித்துக்கொண்டு தனியாக நிற்பதைப் பார்த்தாள். மடிப்பதற்கு எதிரே ஆள் வேண்டும். அவளோடு மடிக்கிறவள் கிளம்பிப் போய்விட்டாள் போலிருந்தது. ஆறேழு வருஷமாக வேலை பார்க்கிறவள், வாய் திறந்து பேசிக் கேட்டதில்லை. இவள் பையைக் கீழே வைத்துவிட்டுப் போய் மற்ற இரண்டு முனைகளையும் எடுத்துக்கொண்டாள். இழுத்து உதறினார்கள். விரிப்பு நடுவில் வயிறு போல உப்பிச் சமமாக விழுந்தது. நீளவாக்கில் ஒரு மடிப்பு, மறுபடி ஒரு மடிப்பு. பிறகு முனைகளைச் சேர்ப்பதற்காக இரண்டு பேரும் நடந்து நெருங்கினார்கள். அவள் கையில் கொடுத்துவிட்டு இவள் விலக வேண்டும். ஆனால் அந்தப் பெண் துணியோடு சேர்த்து இவள் விரல்களையும் பிடித்துக்கொண்டாள். ஈரம் போகாத, சொரசொரத்த விரல்கள்.

"கட்டியைக் காட்டணும்னா அங்க எத்தனை மணிக்குப் போகணும் மேடம்?" என்று கேட்டாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

உலர்த்திகளின் இரைச்சலில் அது உதட்டசைவாகத்தான் தெரிந்தது. ஒன்பது மணிக்கு என்றாள் இவள். உன்னோடு நானும் வருகிறேன் என்றும் சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டினாள். கையை விடவில்லை. இருவருக்கும் நடுவே வெதுவெதுப்பான வெள்ளை விரிப்பு பாதி மடிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.